வானம் பார்த்த பூமியில் வன சாஸ்திரம்

முதுகுளத்தூரில் பிறந்த ஒருவன் கல்லூரியில் வன சாஸ்திரம் படித்தவன் என்று சொன்னால், கேட்பவர் சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, நான் பரிகாசமாகச் சொல்லவில்லை என்பதை நிச்சயப்படுத்திக்கொண்ட பின்னரே அடுத்த கேள்விக்கு வருவது வழக்கம். அந்த அடுத்த கேள்வியும் பெரும்பாலும் ஒன்றேதான்: "காடே இல்லாத ஊர்க்காரருக்கு எதுக்குங்க அந்தப் படிப்பு?" இப்படிக் கேட்பவர்மேல் குற்றம் காண ஏதுமில்லை. பரமக்குடியில் ரயிலை விட்டிறங்கி, பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வருகிறவர் வழி நெடுகக் காண்பதெல்லாம் முண்டு மிளகாய் காயும் களங்களும், வரிசை பிடித்து நிற்கும் பனைகளும், குடை விரித்தாற்போல் தலை பரந்த உடைமரங்களும், இவை யாவும் ஒதுங்கிக்கொடுத்த இடமெங்கும் ஒரு சிற்றரசு போலப் பரவிவிட்ட வேலிக்கருவையும்தாம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையை நம்பி ஆண்டு முழுவதும் பிழைக்கிற வானம் பார்த்த பூமி இது. 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு மர நிழலில் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டபோது, அந்த ஆசைக்கு வெகு தொலைவில் நின்ற ஜில்லாக்களுள் எங்களுடையதும் ஒன்று.

இருந்தும், வனத்தைப் பரிபாலிப்பதைப் பற்றி நான் கற்றவற்றுள் பெரும்பகுதிக்கு அர்த்தம் விளங்கியது நீலகிரிச் சாரலிலன்று, சித்திரங்குடிக் கண்மாய்க் கரையில்தான் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். அதைச் சற்று விஸ்தாரமாகவே எழுதிவைக்க எண்ணம். (என் நடை பழையது என்று வீட்டுப் பிள்ளைகள் கேலி செய்வதுண்டு. தாத்தாவின் தகரப் பெட்டியிலிருந்த பழம் பத்திரிகைகளைப் படித்துத் தமிழ் கற்றவனுக்கு வேறு நடை எங்கிருந்து வரும்?)

வன சாஸ்திரம் என்ற படிப்பு நம் தேசத்துக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது மரத்தின்மேல் கொண்ட அன்பால் வந்ததன்று. ரயில் பாதைக்குக் குறுக்குக் கட்டைகள் வேண்டியிருந்தன. கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. வெட்டிக்கொண்டே போனால் ஒரு நாள் தீர்ந்துபோகும் என்ற பயம் சர்க்காருக்குப் பிறந்தது. 1840-களில் மலபார் கலெக்டராக இருந்த கானலி, சாத்து மேனன் என்ற உள்ளூர்க்காரரின் சாமர்த்தியத்தைத் துணைகொண்டு நிலம்பூரில் தேக்கு நட்டுப் பார்த்தார். 1856-இல் கிளெக்ஹார்ன் என்ற வைத்தியர் சென்னை ராஜதானியின் வனக் காப்பாளராக நியமிக்கப்பெற்றார். 1864-இல் ஜெர்மானியரான பிராண்டிஸ் இந்தியா முழுமைக்கும் வனத்துறைத் தலைவரானார். 1878-இல் டேராடூனில் வனப் பள்ளி தோன்றியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்து, அதுவரை ஆடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த ஜனங்களுக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு கோடு கிழித்தது. தென்னாட்டு ரேஞ்சர்களைப் பயிற்றுவிக்க 1912-இல் கோயம்புத்தூரில் கல்லூரி எழுந்தது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1902-இல், அவ்வூரில் காஸ் பொருட்காட்சிச்சாலை திறக்கப்பட்டிருந்தது. இன்றும் கோவைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு மணி நேரம் செலவிடுவது நல்லது.

இவையெல்லாம் உத்தியோகத்தில் சேர்ந்தவர்களைப் பழக்குவதற்கான ஸ்தாபனங்கள். பள்ளிப் படிப்பு முடித்த பையனோ பெண்ணோ நேரே கல்லூரியில் சேர்ந்து நான்கு வருஷம் வனவியல் கற்றுப் பட்டம் பெறலாம் என்ற ஏற்பாடு 1980-களின் நடுவில்தான் விவசாயப் பல்கலைக்கழகங்களின் வாயிலாக ஏற்பட்டது. தமிழ்நாட்டில் அதற்கு வாய்த்த இடம் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது கல்லூரி பிறந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. எங்கள் தெருவில் அப்படியொரு படிப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒரு பெரியவர், நான் ஃபாரஸ்டு கார்டு வேலைக்குத்தான் போகிறேன் என்று எண்ணிக்கொண்டு, "யானை வந்தா ஓடக்கூடாதுப்பு, மரத்துல ஏறிரு" என்று புத்திமதி சொல்லி அனுப்பினார். யானை விஷயத்தில் மரம் ஏறுவது அவ்வளவு உத்தமமான உபாயமன்று என்பதைப் பின்னால் கற்றேன்.

அங்கே போனதும் என்னைத் திகைக்க வைத்தது மழை. எங்கள் ஊரில் ஆடி என்றால் காற்றும் புழுதியும். அங்கோ அதே ஆடியில் மேகம் இறங்கி மலையை மூடிக்கொண்டு, காலையில் இருந்த சிகரம் மத்தியானத்தில் இல்லாமற் போயிற்று. சக மாணவர்களில் மலைப் பிரதேசத்திலிருந்து வந்தவர்கள் மரத்தின் பட்டையைக் கீறி முகர்ந்தே பெயர் சொல்லக்கூடியவர்களாக இருந்தார்கள். எனக்கோ வேம்பு, புளி, பனை, கருவேல், உடை இவற்றோடு அகராதி முடிந்துவிட்டது. இலைகளைப் பறித்துப் பழைய செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி, உலர்த்தி, அட்டையில் தைத்து, லத்தீன் பெயர் எழுதி ஒட்டும் வேலையை நான் மற்றவர்களைவிட அதிக சிரத்தையோடு செய்ததற்குக் காரணம் ஞான தாகம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அது அச்சம்.

மரத்தை அளப்பதற்கென்று ஒரு தனிப் பாடம் உண்டு. நின்றுகொண்டிருக்கும் மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நாலரை அடியில், மார்பளவு மட்டத்தில் எடுக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. சரிவில் நிற்கும் மரமானால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்கவேண்டும். அடிமரம் புடைத்திருந்தால் புடைப்புக்கு மேலே போகவேண்டும். கவட்டை அந்த மட்டத்துக்குக் கீழேயே பிரிந்தால் அது இரண்டு மரமாகக் கணக்காகும். உயரத்தை அளக்க அப்னி மட்டம் என்ற சிறு கருவியைக் கண்ணருகே பிடித்துக் கோணம் பார்க்கவேண்டும். இவ்வளவையும் கூட்டிக் கழித்து, ஒரு காட்டில் எத்தனை கன மீட்டர் மரம் நிற்கிறது, வருஷத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்று தேறச் செய்து, வளர்ந்த அளவை மாத்திரம் எடுத்துக்கொண்டு மூலத்தைத் தொடாமல் விடுவதே பழைய வன சாஸ்திரத்தின் ஆதார விதி. வட்டியைத் தின்னு, முதலில் கை வைக்காதே என்று எங்கள் ஊர்க் கிழவிகள் சொல்லுகிற அதே சங்கதிதான். ஆனால் 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின்பும் 1988-இன் கொள்கைக்குப் பின்பும் சர்க்கார் காடுகளில் மரம் வெட்டி வருமானம் தேடும் காலம் அநேகமாக மலையேறிவிட்டது. வெட்டுவதற்காக ஏற்பட்ட கணக்கை, வெட்டாத காட்டை வைத்துக்கொண்டு கற்ற தலைமுறை எங்களுடையது.

இந்த இடத்தில்தான் இன்னொரு பாடத்தைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது. இன்றைய வனவியல் பாடத்திட்டத்தில் பொழுதுபோக்கு வனவியலும் நகர வனவியலும் சேர்த்து ஒரு தாள் இருக்கிறது. எங்கள் காலத்தில் அது தனித் தாளாக இருந்ததாக ஞாபகமில்லை. வேறொரு பாடத்தின் வால் போல நாலைந்து வகுப்புகளில் முடிந்துபோயிற்று. மாணவர்களுக்கு அதில் கௌரவமில்லை. மண், விதை, பூச்சி, நோய், மர வேலை என்று கனமான சாஸ்திரங்களைக் கற்கிறவன், ஜனங்கள் காட்டுக்கு வந்து உலாவிப் போவதைப் பற்றிப் படிப்பதாவது என்ற எண்ணம். அப்போது எங்கள் ஆசிரியர் ஒருவர் கரும்பலகையில் ஒரு சட்டத்தின் வாசகத்தைச் சுருக்கி எழுதிக் காட்டினார். 1960-இல் அமெரிக்கா தன் தேசிய வனங்கள் எந்தெந்த நோக்கங்களுக்காக நிர்வகிக்கப்படவேண்டும் என்று ஒரு சட்டம் செய்தது. அதில் முதலாவதாக நிற்பது வெளிப்புறப் பொழுதுபோக்கு. மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கும் மீனும் எல்லாம் அதற்குப் பின்னால். "மனுஷனை முதல்ல வெச்சிட்டான் பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் வியந்து முடித்ததும், அந்த வரிசை அவர்கள் மொழியின் அகர வரிசைதான் என்ற குட்டையும் அவரே உடைத்தார். சட்டம் செய்தவர்கள் எதை முன்னால் வைப்பது என்ற சச்சரவை அகரவரிசையின் தலையில் போட்டுத் தப்பித்துக்கொண்டார்கள்.

மேல்நாடுகளில் இதற்கென்றே தனித் துறைகள் உள்ள கல்லூரிகள் ஏராளம். அமெரிக்காவில் 1898-இல் பில்ட்மோரிலும் 1900-இல் ஏல் பல்கலைக்கழகத்திலும் வனப் பள்ளிகள் தோன்றியபோது அவையும் மரக் கணக்கில்தான் தொடங்கின. 1916-இல் தேசியப் பூங்காத் துறை ஏற்பட்டு, மோட்டார் வண்டிகள் பெருகி, ஜனங்கள் கூட்டம் கூட்டமாகக் காட்டுக்குள் வரத் தொடங்கிய பிறகு, வந்தவர்களை என்ன செய்வது என்பதே ஒரு சாஸ்திரமாயிற்று. 1964-இல் வேகர் என்பவர், மேய்ச்சல் நிலத்துக்கு இத்தனை மாடுகள் என்று கணக்கிடுவதுபோல ஒரு காட்டுக்கு இத்தனை மனிதர்கள் என்று கணக்கிட முடியுமா என்று ஆராய்ந்து எழுதினார். இருபது வருஷம் பலரும் அந்த எண்ணைத் தேடினார்கள், அகப்படவில்லை. ஏனென்றால் சப்தமின்றி வந்து போகிற ஐம்பது பேர் செய்யாத சேதத்தை ஒலிபெருக்கியுடன் வருகிற ஐந்து பேர் செய்துவிடுவார்கள். 1985-இல் அந்நாட்டு வனத்துறை ஆராய்ச்சியாளர்கள் கேள்வியையே மாற்றிப்போட்டார்கள். எத்தனை பேர் வரலாம் என்று கேட்பதை விட்டு, இந்த இடத்தில் எவ்வளவு மாறுதல் வரையில் நாம் பொறுத்துக்கொள்வோம் என்று முன்கூட்டித் தீர்மானித்து, அந்த எல்லையை நெருங்குகிறதா என்று அளந்து பார்த்துக்கொண்டே இருப்பது என்று வழி வகுத்தார்கள். நான் படித்த நாலு வருஷப் பாடங்களில், பிற்காலத்தில் எனக்கு மிகவும் உபயோகப்பட்டது இந்த ஒரு கருத்துத்தான்.

நம் நாட்டில் இதன் அவசியத்தை மிகவும் கொடிய விதமாகக் கற்றுக்கொண்டோம். 2018 மார்ச் 11-ஆம் தேதி, தேனி ஜில்லா குரங்கணி மலையில் காய்ந்த புல் தீப்பற்றியபோது, மலையேறச் சென்றிருந்த குழுக்கள் அதில் சிக்கி இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிகள் செய்தது. பிறகு 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில், பதினான்கு ஜில்லாக்களில் நாற்பது பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்து, பழக்கப்பட்ட உள்ளூர் வழிகாட்டியோடு மட்டும் செல்லலாம் என்ற ஏற்பாடு தொடங்கியது. அந்த வழிகாட்டிகளில் பலர் மலைக் கிராமத்துப் பழங்குடி இளைஞர்கள். ஒரு பாதையில் ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த மாதத்தில் அடைப்பது, தீக் காலம் எது, தண்ணீர் எங்கே, காயம்பட்டவரை எந்த வழியாக இறக்குவது என்று தீர்மானிப்பதற்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போடவேண்டும். அந்தக் கணக்கைத்தான் நாங்கள் அன்று கௌரவக் குறைச்சல் என்று நினைத்தோம்.

இனிச் சித்திரங்குடிக்கு வருகிறேன். முதுகுளத்தூர் தாலுகாவில், ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கண்மாய் அது. விஸ்தீரணம் 260 ஹெக்டேர். 1989-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பக்கத்திலுள்ள காஞ்சிரங்குளமும் அதே ஆண்டில். இரண்டும் 2022-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளாக அறிவிக்கப்பட்டன. சாயல்குடிப் பக்கம் போனால் மேலச்செல்வனூர், கீழச்செல்வனூர் என்று இன்னும் பெரியது ஒன்று, 593 ஹெக்டேர், 1998 முதல் சரணாலயம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் இங்கெல்லாம் மஞ்சள் மூக்கு நாரையும், கூழைக்கடாவும், நத்தை குத்தியும், அரிவாள் மூக்கனும், கொக்கு வகையறாக்களும் வந்து மரம் மரமாகக் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பங்குனி வரையில் ஆரவாரம் செய்துவிட்டுப் போகின்றன. உலகத்தாருக்கு முக்கியமென்று பட்டயம் பெற்ற இடம் ஒன்று தங்கள் தாலுகாவில் இருப்பது எங்கள் ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

இந்தக் கண்மாயில் இயற்கை என்று தனியாக எதையும் பிரித்துக் காட்ட முடியாது என்பதே இதன் விசேஷம். மழைநீர் வீணே கடலுக்குப் போகாமல் தடுக்க மனிதர்கள் எழுப்பிய கரை. மனிதர்கள் வைத்த மடை. மிஞ்சிய நீர் வழிய மனிதர்கள் கட்டிய கலுங்கு. உள்வாயில் நிற்கும் நாட்டுக் கருவேலமரங்களும் அப்படியே. 1960-களிலிருந்து கண்மாய்களின் உள்வாயில் கருவேல் நட்டு விறகுக்கு வளர்க்கும் வேலையை வனத்துறை செய்துவந்தது. 1981 முதல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடுகள் திட்டம் அதைப் பெரிய அளவில் நடத்தி, வளர்ந்த மரத்தை ஏலம் விட்டு வந்த பணத்தில் பஞ்சாயத்துக்கும் பங்கு கொடுத்தது. விறகுக்காக நட்ட மரத்தில் நாரை கூடு கட்டும் என்று திட்டம் எழுதியவர் எவரும் எதிர்பார்த்திருக்கமாட்டார். காலளவு தண்ணீரில் நிற்கும் முள் மரம் பறவைக்கு ஒரு கோட்டை. பூனையும் நரியும் நீந்தி வந்து முள்ளில் ஏறுவது அபூர்வம். பறவையின் எச்சம் விழுந்த தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போய் உரமாகிறது. இந்த லாபத்தை நம் குடியானவர்கள் வெகு காலமாக அறிவார்கள். வேடந்தாங்கல் ஜனங்கள் தங்கள் ஏரிப் பறவைகளைப் பிறர் சுடாதபடி காக்க 1798-இலேயே கலெக்டர் பிளேஸிடம் உரிமைப் பத்திரம் வாங்கினார்கள். சிவகங்கைப் பக்கத்து வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி ஜனங்கள் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை.

இதற்கிடையில் சீமைக்கருவேல் என்கிற வேலிக்கருவை வந்து சேர்ந்தது. 1877-இல் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து இந்தியாவில் விதைத்த மரம். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்ப, வெட்ட வெட்டத் தூரிலிருந்து துளிர்க்க, மழை பொய்த்தாலும் சாகாமல், ஒரு நூற்றாண்டுக்குள் எங்கள் ஜில்லாவையே அது எழுதி வாங்கிக்கொண்டது. மிளகாயும் சோளமும் கைவிட்ட வருஷங்களில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது கரிமூட்டம். கட்டைகளை அடுக்கி, மேலே வைக்கோலும் சருகும் போட்டு, மண் பூசி, காற்று அளவாகப் போகத் துளை விட்டு, நாட்கணக்கில் புகைய விட்டு எடுக்கிற கரி, மூட்டை மூட்டையாக வெளியூர்களுக்குப் போகிறது. 2017-இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலை ஒழிக்க உத்தரவிட்டபோது ஊரெல்லாம் பொக்லைன் இயந்திரங்களின் இரைச்சல். நீதியின் நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் செல்வனூரிலும் சித்திரங்குடியிலும் பறவைகள் கூடு கட்டியிருப்பது கருவேலில் மாத்திரமல்ல, வேலிக்கருவையிலுந்தான் என்பதை அந்த உற்சாகத்தில் நினைத்துப் பார்த்தவர்கள் குறைவு. கல்லூரியில் கற்றதைக்கொண்டு என் கருத்தைச் சொல்லச் சொன்னால், முதலில் நாட்டுக் கருவேலை நட்டு, அது கூடு தாங்கும் பருவம் வந்த பிறகு, பறவையில்லாத மாதங்களில், பகுதி பகுதியாக வேலிக்கருவையை எடுக்கவேண்டும் என்பேன். பத்து வருஷமாவது ஆகும். பத்து வருஷம் காத்திருக்கும் பொறுமை பட்ஜெட்டுக்கு இல்லை என்பதும் தெரிந்ததுதான்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். கண்மாய் நிறையாத ஆண்டில் பறவை வராது. இதற்கு எந்த நிபுணரும் பரிகாரம் சொல்ல முடியாது. ஆனால் அரைகுறையாக நிறைந்த ஆண்டில்தான் சங்கடம். தை மாதத்தில் கதிர் பிடிக்கும் பயிருக்குத் தண்ணீர் திறக்கவேண்டும். அதே மாதத்தில் மரத்தடித் தண்ணீர் வற்றிவிட்டால் குஞ்சுகள் பறக்கப் பழகுமுன் நாய் வந்துவிடும். மடையைத் திறப்பவருக்கும் பறவையைக் காக்கும் வாட்சருக்கும் இடையே நடக்கிற பேச்சுவார்த்தையை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஒருவர் மாமன், ஒருவர் மச்சான். சட்டப் புத்தகம் எடுத்துப் பேசினால் அன்றே உறவு முறிந்துபோகும். "குஞ்சு ரெக்கை கட்டுற வரைக்கும் ஒரு பத்து நாளு பொறு மாப்ள" என்றால் பொறுக்கிறார். வன நிர்வாகத்தின் மிகக் கடினமான அத்தியாயம் இப்படிக் கரையில் குந்தி உட்கார்ந்து பீடிப் புகை நடுவே எழுதப்படுகிறது.

பார்க்க வருகிறவர்கள் விஷயம் அடுத்தது. ராம்சர் பட்டயத்துக்குப் பிறகு வண்டிகளில் வந்து இறங்குகிறவர்கள் அதிகம். பெரும்பாலோர் நல்லவர்கள். ஆயினும் கூட்டில் உட்கார்ந்திருக்கும் நாரையைப் படமெடுப்பதைவிடப் பறக்கும் நாரையைப் படமெடுப்பது அழகு என்று எண்ணிக் கை தட்டி எழுப்புகிறவரும், ட்ரோன் விடுகிறவரும், கரையிலேயே அடுப்பு மூட்டிப் பிரியாணி செய்கிறவரும் இருக்கிறார்கள். மஞ்சள் மூக்கு நாரை தன் குஞ்சுகளுக்கு நடுப்பகல் வெயிலில் இறக்கையை விரித்து நிழல் பிடிக்கும் ஜாதி. அதை எழுப்பிவிட்டால், எங்கள் ஊர் வெயிலில் குஞ்சின் கதி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காக்கையும் இதற்காகவே காத்திருக்கிறது. இங்கே தேவைப்படுவது பெரிய விளம்பரமும் விடுதியும் அன்று. வண்டியை எங்கே நிறுத்துவது, கரையில் எந்த இடத்தோடு நடையை முடிப்பது, கூடு உள்ள மாதங்களில் எந்தப் பக்கத்தை அடைப்பது, உள்ளூர்ப் பையன் ஒருவனுக்கு இருகண் நோக்கி வாங்கிக் கொடுத்து அவனையே வழிகாட்டியாக்கிக் கூலி கொடுப்பது ஆகிய சிறு காரியங்களே போதும்.

கடற்கரைப் பக்கம் இதற்கு இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. ஒன்று, அடைத்து வைப்பது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவில் காலை வைக்க யாத்திரிகருக்குப் பொதுவாக அனுமதியில்லை. பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோன காலத்தின் விளைவாக அவற்றில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் கடலுக்குள் அமிழ்ந்தே போயின என்பதை நினைத்தால், அடைத்துவைத்தது சரியென்றே தோன்றும். மற்றொன்று, தொண்டிப் பக்கத்துக் காரங்காடு. அது ஒரு மீனவ கிராமம். கழிமுகத்தில் அலையாத்திக் காடு. வனத்துறையும் ஊராரும் சேர்ந்து அங்கே படகும் துடுப்புத் தோணியும் விட்டு, வருகிறவர்களைக் காட்டினூடே அழைத்துப் போகிறார்கள். ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துக் கொடுக்கிறார்கள். பணம் ஊருக்குள் நிற்கிறது. அலையாத்தியை வெட்டினால் நாளைக்குப் படகில் ஆள் ஏறாது என்பது அங்குள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. இரண்டு மாதிரிகளில் எது உயர்ந்தது என்று கேட்பது வீண். எந்த இடத்துக்கு எது என்று நிதானிப்பதற்குத்தான் படிப்பு.

சமீபத்தில் என் தம்பி மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்பில் சேரப் போவதாகச் சொன்னாள். தம்பிக்குச் சம்மதமில்லை. "அண்ணே, நீங்க படிச்சு என்னத்தக் கண்டீங்க?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டான். நியாயமான கேள்வி, நானும் நேராகவே பதில் சொன்னேன். பட்டம் பெற்றவுடன் வேலை கைக்கு வந்து விழாது. சர்க்காரில் வனச்சரகராகப் போவதற்கும், உதவி வனப் பாதுகாவலராகப் போவதற்கும் தேர்வாணையப் பரீட்சை எழுதவேண்டும். அந்த அறிவிப்பு என்றைக்கு வரும் என்று காத்திருந்தே சிலருக்கு வயது ஏறிவிடும். மத்திய அரசின் வனப் பணிக்கு எழுதலாம். அதில் வனவியலையே விருப்பப் பாடமாக எடுக்கலாம். காகிதாலைகளும் தீக்குச்சி, பிளைவுட் தொழிலும் மர நாற்றுக்கு ஆள் எடுக்கின்றன. சிலர் வங்கிக்குப் போனார்கள். என்னோடு படித்த ஒருவர் இன்று துணிக்கடை நடத்துகிறார், சந்தோஷமாக இருக்கிறார். பெண் பிள்ளைக்குக் காட்டு வேலை ஆகுமா என்ற அடுத்த கேள்வியைத் தம்பி கேட்பதற்கு முன்பே, வனத்துறையில் இன்று ரேஞ்சராகவும் அதற்கு மேலாகவும் இருக்கிற பெண்களைப் பற்றிச் சொல்லிவிட்டேன்.

அவளுடைய கவலை வேறாக இருந்தது. "பெரியப்பா, அங்க வர்ற பிள்ளைங்க எல்லாம் காட்டைப் பார்த்து வளர்ந்திருப்பாங்க. எனக்குக் கருவையத் தவிர ஒண்ணும் தெரியாதே?" என்றாள். கருவையைத் தெரிந்திருப்பதே போதுமான மூலதனம் என்றேன். மலைக்காட்டில் பிறந்தவர்கள் காட்டை ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு பொருளாக எண்ணிக்கொண்டு வருகிறார்கள். அதில் மனிதன் வந்து கெடுத்தான் என்பதோடு அவர்கள் கதை முடிந்துவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கோ கரையும் மடையும் மரமும் பறவையும் ஜனங்களும் ஒன்றையொன்று விடாமல் பிணைந்து கிடப்பது பிறந்தது முதல் கண்ட காட்சி. யார் வெட்டுவார், யார் மேய்ப்பார், எந்த மாதம் தண்ணீர் திறப்பார், யாரிடம் எப்படிச் சொன்னால் கேட்பார் என்பதெல்லாம் அவளுக்குப் பாடமில்லாமலே தெரியும். லத்தீன் பெயர்களை ஆறு மாதத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

கடைசி வருஷ ஆய்வுக்கு எதை எடுக்கலாம் என்று, சேர்வதற்கு முன்பே, கேட்டுவைத்துக்கொண்டாள். சித்திரங்குடியில் பறவையை எண்ண நிறையப் பேர் வருகிறார்கள். வனத்துறையே ஆண்டுதோறும் எண்ணுகிறது. நீ மனிதர்களை எண்ணு என்றேன். எந்தக் கிழமை, எந்த நேரத்தில், எத்தனை பேர் வருகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள், எந்த இடம் வரை போகிறார்கள், எத்தனை அடி நெருங்கினால் கூட்டிலிருக்கும் நாரை எழுந்திருக்கிறது, எழுந்தது திரும்பி வர எத்தனை நிமிஷம் ஆகிறது, எழுந்த கூட்டில் காக்கை இறங்குகிறதா என்று ஒரு பருவம் முழுவதும் கரையில் உட்கார்ந்து எழுதி வை. அதைக்கொண்டு எந்த இடத்தில் கயிறு கட்டவேண்டும் என்று அளந்து சொல்லலாம். "வீட்ல இருந்தே போய்ட்டு வந்துரலாமே!" என்று அவள் சொன்ன பிறகுதான் தம்பியின் முகம் சற்றுத் தெளிந்தது, விடுதிச் செலவு எவ்வளவு ஆகும் என்று என்னிடம் விசாரிக்கத் தொடங்கினான்.